தேங்காய் ஒத்துக்காத மாப்பிள்ளை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் அம்மா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. ஆனால் கல்யாணமான புதிதில், தேன்நிலவுக்குப் போய் என்னென்ன செய்வது என்று திட்டம் போட்டபோது வந்ததைப் போன்ற கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அதுவும் தேங்காயால் வந்தது.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் கணவருக்குப் பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு. பொறியியல் படித்தவர். கொஞ்ச காலம் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, "எனக்கு இது ஆகாதுங்கப்பா" என்று திரும்பி வந்து அப்பாவோடு தோப்பில் இறங்கிவிட்டார். வினை அங்கேதான். எங்கள் பக்கத்தில் இப்போது எல்லோருக்கும் தோப்பு வேண்டும்; தோப்பில் நிற்கிற மாப்பிள்ளை வேண்டாம். பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதானாம். "தோட்டம் இருக்குதுங்க, சரி. மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" தோட்டத்தைத்தான் பார்க்கிறார் என்றால், கொடுத்த காபி ஆறுவதற்குள் ஜாதகத்தில் ஏதாவது ஒன்று பொருந்தாமல் போய்விடுமாம். ஒரு வீட்டில், கோயமுத்தூரில் ஃபிளாட் பார்த்துக் குடி வந்தால் யோசிக்கலாம் என்றார்களாம். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நான் கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்து. என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் எந்த புராஜெக்ட், எப்போது வெளிநாடு அனுப்புவார்கள் என்று விசாரித்தார்கள். இவர் ஒருவர்தான், "உங்களுக்குத் தூக்கம் நல்லா வருதுங்களா?" என்று கேட்டார். எனக்கு அப்போது தூக்கம் சரியாக வருவதில்லை. அந்த ஒரு கேள்விக்கே தலையாட்டிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு அவிநாசியிலிருந்து என் பெரியம்மா வந்திருந்தாள். அம்மாவின் அக்கா. குரலை அடக்கிப் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை. பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இத்தனை படிக்க வெச்ச புள்ளையக் கொண்டுபோயி தோப்புக்குள்ள அடைக்கறீங்களே" என்றாள். அவர் எதிர்ப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வைகாசியில் கல்யாணம். அது முடிந்து குலதெய்வக் கோயில், அது முடிந்து விருந்து. விருந்து என்றால் ஒரு வீடு இரண்டு வீடு இல்லை. பங்காளி, மாமன், மச்சான் என்று சனி ஞாயிறு எல்லாம் அதிலேயே போயிற்று. போன இடத்தில் எல்லாம் காலையில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும், மத்தியானம் கோழிக்குழம்பு. ஆடி வந்தால் என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆகவே பயணம் ஆவணியில், திட்டம் மட்டும் இப்போதே என்று முடிவாயிற்று.

எங்கே போவது என்பதில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. வால்பாறை போனால்கூடப் போதும் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"வால்பாறைக்கு நாங்க டீ குடிக்கப் போவோமுங்க. பாலி, மாலத்தீவுன்னா உங்க ஆபீஸ்ல எல்லாருமே போயிட்டு வந்துட்டாங்க. யாருமே போகாத இடமாப் போகோணும்."

அவர் தேடிக் கண்டுபிடித்தது பசிபிக் கடலுக்கு நடுவே, தாஹிட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாலினேசியத் தீவு. மாமனாருக்கு அலைபேசியில் பூமி உருண்டையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினோம். பார்த்துவிட்டு, "இதுக்கும் மேல போனா திரும்பி வர்ற வழிதான், கண்ணு" என்றார். மாமியார், கடலில் இறங்கும் முன்னால் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு இறங்குங்கள் என்று சொல்லி, நம் தோப்புக் காயிலேயே நல்லதாக இரண்டு எடுத்து வைக்கிறேன் என்றார். "அதெல்லாம் அங்க உடமாட்டாங்கம்மா" என்று மகன் வெடுக்கென்று சொன்னார். அம்மாவிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிளேனில் விடமாட்டார்கள் என்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன்.

டிக்கெட் போடப் போன டிராவல்ஸ் கோயமுத்தூர் கோட்டைமேட்டில். ஒரு சுவர் முழுக்க உம்ரா பயணப் படங்கள், எதிர்ச் சுவரில் நீலக் கடலில் கால் நனைக்கும் ஜோடிகள். நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வயதுதான் இருக்கும். மக்காவுக்குப் போகும் பெரியவர்களிடம் பேசுகிற அதே பொறுமையோடு தேன்நிலவுக்காரர்களிடமும் பேசுவார். விசா விண்ணப்பத்துக்காகத் தொழில் என்ன என்று கேட்டார். என் கணவர், "பிசினஸ்னு போட்டுக்குங்க பாய்" என்றார். அதுவும் எனக்கு உறுத்தவில்லை. தோப்பும் ஒரு பிசினஸ்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்தத் தீவு விடுதியில் படகும் குறைவு, ஆளும் குறைவு. அதனால் எந்த நாள் என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம். பாய் கணினியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்ப்பது, தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர் மாதிரி ஜெட் ஸ்கீ ஓட்டுவது, திருக்கை மீன்களுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் நிற்பது, ஆளில்லாத மணல் திட்டில் படகிலிருந்து இறங்கி மத்தியானச் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் என் கணவர் சரி சரி என்றார். எனக்கு நீச்சல் தெரியாது. அவர் கிணற்றில் குதித்துப் பழகியவர், பிடித்துக்கொள்வார் என்ற தைரியத்தில் நானும் தலையாட்டினேன்.

"அடுத்தது, தேங்காய் உரிச்சுக் காட்டறாங்க சார். நட்டு வெச்ச குச்சில குத்தி உரிப்பாங்களாம். டூரிஸ்ட்டுங்க ரொம்ப விரும்பிப் பாப்பாங்க."

"வேண்டாங்க பாய்."

"தென்னை ஓலையில தொப்பி பின்னக் கத்துக் குடுக்கறாங்க."

"வேண்டாங்க."

"தேங்காய்ப்பால் ஊத்தி மீன் செய்யற சமையல் கிளாஸ். மேடத்துக்குப் பிடிக்கலாம்."

"அதும் வேண்டாங்க."

"பூ ஊறப்போட்ட தேங்காயெண்ணெயில மசாஜ்..."

"பாய், தேங்காய் சம்பந்தப்பட்டது எதுவுமே வேண்டாங்க. அவங்ககிட்டத் தெளிவாச் சொல்லிப்போடுங்க."

பாய் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லன் தெருவிலே ஊசி விற்க வந்த மாதிரி, பொள்ளாச்சிக்காரருக்குத் தேங்காய் உரித்துக் காட்டுகிறேன் என்றால் அவரும்தான் என்ன செய்வார்? ஓலைத் தொப்பி ஒன்று பின்னிப் பார்க்க எனக்கு ஆசைதான். போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். நான் விட்டுக்கொடுப்பது அபூர்வம், அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு முன்னால் இருக்கும் களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. மாமனார் ஓரமாக உட்கார்ந்து பூஞ்சணம் பிடித்ததைத் தனியே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பாய் கூப்பிட்டார். கையில் கொப்பரைப் பிசுக்கு இருந்ததால் என் கணவர் அலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஹோட்டல்ல இருந்து மெயில் வந்திருக்குதுங்க. உங்க ரெண்டு பேர்ல யாருக்குங்க தேங்காய் அலர்ஜி?"

"என்னுங்க பாய்?"

"தேங்காயே வேண்டாம்னு சொன்னீங்கல்ல, அப்படியே எழுதி அனுப்பிச்சேன். அவங்க அதை அலர்ஜின்னு எடுத்துக்கிட்டாங்க. அங்க ரொட்டி, மீன், எண்ணெய், சோப்பு வரைக்கும் தேங்காய்தானாம். பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி கிடையாதாம். டாக்டர் லெட்டர் வர்ற வரைக்கும் படகுல ஏத்த மாட்டோம்னு சொல்லி, நம்ம பிளான் பூராவும் நிறுத்தி வெச்சிருக்காங்க."

மாமனார் கையிலிருந்த கொப்பரையைக் கீழே வைத்தார்.

"அலர்ஜின்னா ஒத்துக்காதுங்கறதா, அம்மிணி?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க மாமா."

"யாருக்கு ஒத்துக்கலையாமா?"

நான் அவர் மகனைப் பார்த்தேன். மகன் டீ டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் எதும் இல்லீங்கப்பா. பாய் எழுதுனதுல ஏதோ தப்பாயிருச்சு."

"தேங்காயே வேண்டாம்னு நீ சொன்னியா, இல்லியா?"

"சொன்னேனுங்க."

மாமனார் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் என்னை அலுவலகத்தில் விட என் கணவரே கார் எடுத்தார். கிணத்துக்கடவு தாண்டும் வரை பொறுத்திருந்தேன்.

"ஏனுங்க, தேங்காய் மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

"பின்ன?"

முன்னால் போன லாரியைத் தாண்டினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ்வளவு தூரம் போயி போட்டோ எடுத்துப் போடறோம். பின்னாடி தென்னை மரம் நிக்கும். பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? கண்ணாலம் பண்ணித் தோப்புக்குள்ளயே வெச்சிருக்கறான்னுதான் சொல்லுவாங்க. உங்க பெரியம்மா சொன்னது எனக்கும் கேட்டுதுங்க. அந்த ஒரு வாரமாச்சும் நீங்க தோட்டக்காரன் பொண்டாட்டியா இருக்க வேண்டாம்னு நெனச்சேன்."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓரமாக நிறுத்தினார். நான் கத்தியதை எல்லாம் இங்கே எழுதினால் என் மாமியார் படிக்கக்கூடும். எழுதக்கூடியது இவ்வளவுதான்.

"யாருக்குப் பொண்டாட்டியா இருக்கறதுன்னு நல்லா யோசனை பண்ணித்தானுங்க கழுத்தை நீட்டுனேன். ஒரு வாரத்துக்கு யாரோ ஒரு பிசினஸ்காரருக்குப் பொண்டாட்டியா இருக்கறதுக்கு நான் பிளைட் ஏற மாட்டேன். தோட்டக்காரரா வந்தீங்கன்னா வாரேன். இல்லீன்னா நீங்களே தனியாப் போயி ஜெட் ஸ்கீ ஓட்டிட்டு வாங்க."

நான் அழுதேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனுசன் ஒரு தோப்பையே மறைக்கப் பார்த்திருக்கிறார். எனக்காகத்தான் செய்தேன் என்கிறார். அதுதான் தாங்கவில்லை. அத்தனை வீடுகளில் காபி ஆறிப்போன கதையை அவர் சிரித்துச் சொன்னது சிரிப்பே இல்லை என்பது அந்த ரோட்டோரத்தில்தான் எனக்கு விளங்கியது. என்னைக் கட்டிய பிறகும், நானும் ஒரு நாள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன் என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறார்.

வீட்டில் மாமனார் வேறு வைத்தியம் தொடங்கியிருந்தார். அன்று இரவுச் சாப்பாட்டில், மாமியார் மகனுக்குக் குழம்பு ஊற்றப் போகும்போது, "தேங்காய் அரைச்சு ஊத்துனதா? அவனுக்கு ஒத்துக்காதாமா" என்றார். மாமியார் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். அதிலிருந்து தினமும் அதே பாடுதான். இட்லிக்கு எங்களுக்குத் தேங்காய்ச் சட்னி, அவருக்குப் பொடி. பொரியலில் தேங்காய் தூவும் முன்பே அவருக்கென்று ஒரு கரண்டி தனியே. சந்தகை செய்த அன்று எங்கள் தட்டில் தேங்காய்ப்பால் மிதந்தது, அவர் தட்டில் வெறும் சந்தகை உலர்ந்துகொண்டிருந்தது. மாமனார் முகத்தில் சிரிப்பே இல்லை. இது கேலியா கோபமா என்று மாமியாருக்கே பிடிபடவில்லை. மகன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

இவருக்கு நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் எனக்கு இருந்தது. சந்தகை அன்று மனசு கேட்கவில்லை. என் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் பாலை அவர் தட்டில் சாய்த்தேன். மாமனார் பார்த்தும் பார்க்காத மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதற்கு நடுவே ஒரு மத்தியானம் என் கணவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு அலைபேசியில் அந்த விடுதிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் வந்து நின்றது தெரியாது. கடலைப் பார்க்கவில்லை, படகைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் நின்ற ஒரு தென்னையின் தண்டை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தண்டைச் சுற்றி ஒரு தகரப் பட்டை அடித்திருந்தது. அடுத்த படத்துக்குப் போனார், அதிலும் மரத்தைத்தான் தேடினார். "இது எதுக்கா இருக்கும்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். நான் சத்தம் போடாமல் சமையலறைக்குத் திரும்பிவிட்டேன். மரத்தை இவர் விட்டுவிடவில்லை என்று போன உயிர் வந்தது எனக்கு.

பாய் ஒரு வழி சொன்னார். விடுதியில் இந்தத் திட்டங்களைப் பார்க்கிற பெண்ணோடு வீடியோவில் நேரிலேயே பேசிவிட்டால் லெட்டர் இல்லாமல் முடிந்துவிடும். நமக்குக் காலை என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். குறித்த நாளில் என் கணவர் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, அறையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலையும் சாத்தியிருந்தார். எனக்குக் கோபம் மறுபடியும் ஏறியது; நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

காதில் வெள்ளைப் பூ செருகிய ஒரு பெண் திரையில் வந்தாள். எங்கள் அம்மா வயது இருக்கும். உங்களில் யாருக்கு அலர்ஜி என்று ஆங்கிலத்தில் கேட்டாள். யாருக்கும் இல்லை என்றார். அப்படியானால் தேங்காய் ஏன் வேண்டாம் என்று மரியாதையாகவே கேட்டாள். அவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் என்னைப் பார்த்தார். நான் பேசினால் நொடியில் முடிந்துவிடும். பேசக் கூடாது என்று மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்தார். அலைபேசியைப் பிடித்தபடி அறையை விட்டு, வாசலைத் தாண்டி, களத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். கேமராவைத் திருப்பி, காய்கிற கொப்பரையை, மட்டைக் குவியலை, அதற்கும் பின்னால் வரிசையாக நிற்கிற மரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கொப்பரைக்கு நடுவே உட்கார்ந்திருந்த மாமனாரையும் காட்டினார்.

"இது எங்கள் தோப்பு. நான் தென்னை விவசாயி. அது என் அப்பா, அவரும் தென்னை விவசாயி. எனக்கு இருந்தது அலர்ஜி இல்லை, முட்டாள்தனம்" என்றார்.

அந்தப் பெண் கடகடவென்று சிரித்துவிட்டாள். தன் அப்பாவும் தூரத்தில் ஒரு சின்னத் தீவில் கொப்பரை போடுகிறவர்தான் என்றாள். வேறு என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டாள். என் கணவர் சேர்க்கச் சொல்லி எதையும் சொல்லவில்லை.

"உங்கள் மரத்தில் தகரப் பட்டை எதற்கு?" என்று கேட்டார்.

எலி ஏறாமல் இருக்க என்றாள் அவள். தகரத்தில் நகம் பிடிக்காமல் வழுக்கிவிடுமாம்.

"அப்பா, எலிக்காமாங்க!"

மாமனார் கொப்பரையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். "எவ்வளவு ஒசரத்துல அடிக்கறாங்கன்னு கேளு" என்றார். அவள் சொன்னாள். "மழைக்குத் துரு ஏறாதான்னு கேளு." அதற்கும் சொன்னாள். அதன் பிறகு அங்கே தேன்நிலவைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் நான்தான் அலைபேசியைப் பிடுங்கி, ஓலைத் தொப்பி வகுப்பில் எங்கள் இருவரையும் சேர்க்கச் சொன்னேன். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் தலையை நிமிர்த்தாமலே, "அவனுக்கும் தேங்காய்க் கொழம்பே ஊத்து" என்றார். மாமியார் இரண்டு கரண்டி கூடவே ஊற்றினார். விசா விண்ணப்பத்தில் பிசினஸ் என்று இருந்ததை மாற்றச் சொல்லி என் கணவரே பாயைக் கூப்பிட்டுப் பேசியதைச் சாயங்காலம் கேட்டேன்.

ஆவணியில் போனோம். தொப்பி இரண்டு பேருக்குமே கோணலாகத்தான் வந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, தகரம் அடித்த ஒரு தென்னைக்கு அடியில் நின்று எடுத்த படத்தை அவரே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். சற்று நேரத்தில் என் அலைபேசி அடித்தது. அவிநாசிப் பெரியம்மா. எடுத்ததும், ஸ்பீக்கர் இல்லாமலே அவருக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஏங்கண்ணு, வெளிநாடு போறதாச் சொன்னாங்க, போட்டோவுல பாத்தா தோப்புக்குள்ளயே நிக்கற?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் அவர் என் கையிலிருந்து அலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"ஆமாங்க அத்தை, தோப்புக்குள்ளதானுங்க இருக்கறோம்" என்றார். "நல்லா இருக்கறோமுங்க."